இறந்த தம்பி கண்டுபிடித்த டிரைவர்

அந்தத் தலைப்பில் மொத்தம் ஆறே சொற்கள். ‘மிஸ்ஸிங் டிரைவர் ஃபவுண்ட் பை டெட் பிரதர்.’ ஆங்கிலப் பத்திரிகையின் உள்பக்கத்தில், அரிசிக் கட்டுப்பாடு பற்றிய நீண்ட செய்திக்குக் கீழே, தீப்பெட்டி அகலத்துக்கு அச்சாகியிருந்தது. காணாமற்போன டிரைவர் இறந்துபோன தம்பியின் அருகில் கண்டுபிடிக்கப்பட்டார் என்பதுதான் எழுதியவர் சொல்ல வந்தது. ஆனால் ‘பை’ என்ற அந்தச் சின்னச் சொல்லுக்கு ‘அருகில்’ என்று பொருள் இருப்பதுபோலவே ‘ஆல்’ என்றும் ஒரு பொருள் உண்டு. அப்படிப் படித்தால், காணாமற்போனவரைக் கண்டுபிடித்ததே இறந்துபோன தம்பிதான். தமிழில் இந்த வம்பு இல்லை. ‘தம்பியருகே’ என்றோ ‘தம்பியால்’ என்றோ ஏதாவது ஒன்றை எழுதுகிறவர் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஆங்கிலம் தேர்ந்தெடுக்காமல் விட்டுவிட்டது. நானும் முப்பது வருஷத்துக்கு மேல் தேர்ந்தெடுக்காமல்தான் இருந்தேன்.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்தைய வருஷம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. மலாக்கா நகரில் ஒரு லாயர் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். காலைத் தேநீர் வந்ததும் தலைமைக் குமாஸ்தாவான கிராணி பத்திரிகையை மேசைமேல் விரிப்பார். இரண்டு பொருள் தரும் தலைப்பை யார் முதலில் கண்டுபிடிப்பது என்று எங்களுக்குள் ஒரு போட்டி. ‘போலீஸ் ஸ்டாப் கேம்பிளிங் இன் மார்க்கெட்’ என்று ஒருநாள் வந்திருந்தது. மார்க்கெட்டில் நடந்த சூதாட்டத்தைப் போலீசார் நிறுத்தினார்கள் என்பது செய்தி. அதுவரை மார்க்கெட்டில் சூதாடிக்கொண்டிருந்த போலீசார் இப்போது விட்டுவிட்டார்கள் என்பது எங்கள் செய்தி. இடம் போதாத குறைக்கு அவர்கள் சின்னச் சொற்களையெல்லாம் எடுத்துவிடுவார்கள். வாக்கியத்தைத் தாங்குவதே அந்தச் சின்னச் சொற்கள்தான். அவை போனபின் மிச்சச் சொற்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும். எது எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்தவுடன் சொல்ல எனக்குப் பழகியிருந்தது. அதில் எனக்குக் கர்வமும் உண்டு. கிராணியை வாரத்தில் நான்கு நாள் நான் ஜெயித்துவிடுவேன்.

கஜா பெராங்கில் நானும் அம்மாவும் குடியிருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு செட்டிக் குடும்பம். மலாக்காச் செட்டிகள் நம்மைப் போலவே கோயிலுக்குப் போவார்கள், திருநீறு பூசுவார்கள், இறந்தவர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள். ஆனால் கட்டுவது சாரோங்கும் கெபாயாவும், பேசுவது ஒருவித மலாய். உறவு முறைகளில் மட்டும் தமிழ் ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் நான் அந்த வீட்டுப் பெண்ணை அக்கா என்றேன், அவள் என்னைத் தங்கச்சி என்றாள். மற்றதெல்லாம் மலாயில்தான். அவள் பேச்சை நான் இங்கே தமிழில் எழுதுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். அக்காவின் புருஷன் ஒரு சீன முதலாளியிடம் லாரி டிரைவர். அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். லாரியில் அவருக்கு உதவியாக அவருடைய சொந்தத் தம்பியே போவான். என் வயதுதான் அவனுக்கு. பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான். வேலியருகே நின்றால், ‘இன்னிக்கு பேப்பர்ல போலீஸ் என்ன ஆடினாங்க?’ என்று கேட்பான். என் விளையாட்டை ஆபீசுக்கு வெளியே புரிந்துகொண்ட ஒரே ஆள் அவன்.

ஒரு வியாழக்கிழமை விடியற்காலை இருவரும் மளிகைச் சாமான் ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் போனார்கள். அன்று மாலையே திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. அது அவசரகாலம். காட்டில் ஆயுதத்தோடு ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்ச் சேரக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு மூட்டைக்கும் கணக்கு இருந்தது, ஒவ்வொரு சாலையிலும் சோதனை இருந்தது. சாமான் லாரி ஒன்று காணாமற்போனால் அதற்கு இரண்டு அர்த்தம். காட்டுக்காரர்கள் மறித்திருக்கலாம், அல்லது டிரைவரே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். வெள்ளிக்கிழமை போலீஸ்காரர் இருவர் வந்து அக்காவிடம் விசாரித்த விதத்திலேயே அவர்கள் எந்த அர்த்தத்தில் படிக்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. அலமாரியைத் திறந்து பார்த்தார்கள். அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை ஆபீஸ் அரைநாள். மதியம் இரண்டு மணி இருக்கும். வெயில் அடித்துக்கொண்டே மழையும் பெய்தது. மலாய்க்காரர்கள் ஹுஜான் பானாஸ் என்பார்கள். அந்த மழையில் பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள், ஏதாவது கூடவே வந்துவிடும் என்பார்கள். நான் அடுப்படி ஜன்னலோரம் நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துச் சந்து வழியாக அக்காவின் கொழுந்தன் வந்தான்.

நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீலச் சட்டை. காலில் செருப்பு இல்லை. சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவசரமாக வந்தான், ஆனால் ஓடவில்லை. அக்கா வீட்டுப் பின்வாசலில், கூரை சொட்டுகிற இடத்துக்கு வெளியே, மழையிலேயே நின்றான். தாழ்வாரத்துக்குள் ஏன் ஒதுங்கவில்லை என்று அப்போதே எனக்குத் தோன்றியது. தாழ்ந்த குரலில் உள்ளே பார்த்து ஏதோ சொன்னான். குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. பிறகு திரும்பி என் ஜன்னலைப் பார்த்தான். வழக்கமாகச் சிரிப்பவன் அன்று சிரிக்கவில்லை. என்னைத் தெரியாதவன்போல் பார்த்தான்.

எனக்கோ சந்தோஷம். “அம்மா, அவங்க வந்துட்டாங்க!” என்று குளியலறைப் பக்கம் கத்தினேன்.

“யாருடி?”

“பக்கத்து வீட்ல! லாரி வந்துருச்சு போல!”

நான் மறுபடி ஜன்னலுக்கு வந்தபோது பின்கட்டில் அவன் இல்லை. கையில் அகப்பையோடு அக்கா வாசலில் நின்று வெற்று முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அகப்பையிலிருந்து குழம்பு படிமேல் சொட்டியது.

“எல்லாரும் வந்தாச்சா அக்கா?” என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. “மூங்கில் வளைவு,” என்றாள். “கீழே விழுந்து கிடக்கிறாரு. எனக்கு இடம் தெரிஞ்சுபோச்சு, தங்கச்சி.” அகப்பையைக் கீழே போட்டுவிட்டு, குடைகூட எடுக்காமல் ஓடினாள். தம்பி முன்னால் போயிருப்பான், இவள் பின்னால் போகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். வேறு என்ன நினைப்பது? உள்ளே போய் அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். அசாம் பெடாஸ் மீன்குழம்பு, பாதி கொதித்திருந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் அவள் செய்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். சொட்டச் சொட்ட நனைந்து நின்று, மூங்கில் வளைவு, மூங்கில் வளைவு என்றே சொல்லிக்கொண்டிருந்தாளாம். சார்ஜெண்ட் முதலில் சிரித்தார், பிறகு அதட்டினார், கடைசியில் சந்தேகப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை ரோந்துப் படை அங்கே போனது. மலைச்சாலை வளைவொன்றில், ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, மூங்கில் புதர்களுக்குக் கீழே லாரி கவிழ்ந்து கிடந்தது. எவரும் சுட்டிருக்கவில்லை. சாமான் ஒன்றுகூடக் குறையவில்லை. பிரேக் அறுந்ததால்தான் லாரி விழுந்திருந்தது. அண்ணேயின் இரண்டு கால்களும் அடியில் மாட்டியிருந்தன, உயிர் இருந்தது. தம்பி இறந்துவிட்டான் என்று ஞாயிறு மாலை எங்கள் தெருவுக்குச் செய்தி வந்தது.

நான் அழுதேன். அடிபட்ட உடம்போடு வீடுவரை வந்து சொல்லிவிட்டு, திரும்பிப் போன இடத்தில் செத்துப்போயிருக்கிறானே என்றுதான் அழுதேன்.

திங்கட்கிழமை காலை தேநீர் வந்தது. கிராணி பத்திரிகையை விரித்தவுடனே தொடையில் தட்டிச் சிரித்தார். “இன்னிக்கு நான் ஜெயிச்சேன்! இங்க பாரும்மா, செத்த தம்பி வந்து அண்ணனைக் கண்டுபிடிச்சானாம்!” நான் எட்டிப் பார்த்தேன். அந்த ஆறு சொற்கள். முதலில் நானும் சிரித்தேன் என்பதை ஒளிக்கக்கூடாது. பழக்க தோஷம். பிறகு தலைப்புக்குக் கீழே இருந்த செய்தியைப் படித்தேன். நான்கே வரிகள். கடைசி வரியில், லாரி கவிழ்ந்த வியாழக்கிழமை காலையிலேயே தம்பி இறந்துவிட்டதாக டாக்டர் சொல்லியிருந்தார். கழுத்து எலும்பு முறிந்து, உடனே.

தேநீர்க் கோப்பை என் கையில் இருந்தது. குடிக்காமல் அதை மேசையில் வைத்தேன். “என்னம்மா, உமக்குத் தெரிஞ்சவங்களா?” என்று கிராணி சிரிப்பை நிறுத்தினார். பக்கத்து வீடு என்றேன். “ஐயோ, தெரியாமச் சிரிச்சுட்டேனே,” என்று பத்திரிகையை மடித்துவிட்டார். சனிக்கிழமை மதியம் அவனைப் பார்த்தேன் என்று நான் சொல்லவில்லை. அன்று சொல்லாதது பிறகு யாரிடமும் சொல்ல வராமலே போயிற்று. அம்மாவிடம்கூட. அம்மா ஒரே ஒருமுறை, “அன்னிக்கு யாரோ வந்துட்டாங்கன்னு கத்தினியே?” என்று கேட்டாள். “அக்காவைப் பாத்துத் தப்பா நெனச்சுட்டேன்,” என்றேன்.

புதன்கிழமை அக்காவை ஒரு பெரிய வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரியிடம் வரச் சொன்னார்கள். சாமான் குறையாவிட்டாலும் சந்தேகம் குறையவில்லை. ரோட்டிலிருந்து தெரியாத லாரி இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது? காட்டில் இருப்பவன் எவனோ பார்த்துத் தகவல் சொல்லியிருக்க வேண்டும், அப்படியானால் அவர்களுக்கும் இவளுக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அந்த நாளில் இப்படி ஒரு சந்தேகம் போதும், வழக்கே இல்லாமல் ஆளை உள்ளே வைக்கலாம். அக்கா என்னிடம் வந்தாள். நான் லாயரிடம் கெஞ்சினேன். அவர் யோசித்துவிட்டு, “நீயே அவள் சொல்றத எழுதி டைப் அடி. நான் பாத்து அனுப்புறேன். கூட நீயும் போ,” என்றார்.

ஆபீசில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அக்கா மலாயில் சொன்னாள். “கொழுந்தன் வந்து சொன்னான். ‘அண்ணி, அண்ணே மூங்கில் வளைவுல கெடக்குறாரு, தண்ணி கேக்குறாரு’ன்னான். நான் போலீசுக்குப் போனேன்.”

“எப்ப சொன்னான், அக்கா?”

“சனிக்கிழமை. ஒனக்குத்தான் தெரியுமே, நீ ஜன்னல்ல நின்னியே.” அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் டைப்ரைட்டரில் காகிதத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அதை நேராக வைக்க அன்று வெகுநேரம் ஆயிற்று.

சனிக்கிழமை என்று எழுதினால் அவளைப் பைத்தியம் என்பார்கள், அல்லது பொய்க்காரி என்று உள்ளே வைப்பார்கள். முன்பே சொல்லியிருந்தான் என்று எழுதினால் அது பொய், அதன் கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில் நான் ஒரே ஒரு வாக்கியம் அடித்தேன். ‘ஹெர் பிரதர் இன் லா டோல்ட் ஹெர் ஆஃப் த பெண்ட் வேர் ஹி டைட்.’ அவன் இறந்த வளைவைப் பற்றி அவன் அவளிடம் சொன்னான். எப்போது சொன்னான் என்பது அதில் இல்லை. படிக்கிறவர் அதைத் தாமே நிரப்பிக்கொள்வார். லாரிக்காரர்கள் வழக்கமாக நிறுத்துகிற இடம்போலும், வீட்டில் எப்போதாவது பேச்சில் வந்திருக்கும் என்றுதான் எந்த ஆங்கிலேயரும் நிரப்பிக்கொள்வார். லாயர் படித்தார். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் திருத்தாமல் முத்திரை வைத்தார்.

அதிகாரி நல்ல மனுஷர்தான், ஆனால் கவனமாகப் படிக்கிறவர். அந்த வாக்கியத்தில் விரலை வைத்து நிறுத்தினார். “இவன் இதை முன்னாடியே சொல்லியிருந்தானா?” என்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார். என் பக்கத்தில் அக்கா கெபாயா ஊசியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

“செத்த பிறகு யாராவது வந்து சொல்ல முடியுமா, சார்?” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார், கூடவே நானும். பத்திரிகைத் தலைப்பை அவரும் பார்த்திருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுக் கோப்பை மூடினார். நான் பொய் எதுவும் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டேன். ஆனால் அக்காவுக்கு ஆங்கிலம் முழுதாகத் தெரியாவிட்டாலும் சிரிப்பு புரியும். வெளியே வந்து ஜாலான் பெண்டஹாரா வழியாக நடந்தோம். துணிக்கடை வாசல்களில் சேலைகள் தொங்கின. “நீயும் அந்தத் துரையோட சேர்ந்து சிரிச்சே,” என்றாள். காப்பாற்றுவதற்காகத்தான் என்று சொன்னேன். “தெரியும்,” என்றாள்.

அதன்பின் தெருவில் அவளைச் சாடையாகப் பேசினார்கள். மார்க்கெட்டில் யாருக்காவது பொருள் தொலைந்தால், ‘செட்டி வீட்டுக்காரிகிட்ட கேளு, செத்தவங்க வந்து சொல்லுவாங்க’ என்பார்கள். மறுத்துச் சொல்ல ஒரே ஒரு சாட்சி இருந்தது. அந்தச் சாட்சி தினமும் காலையில் எட்டு மணிக்குக் குடையோடு ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் அண்ணேயைப் பார்க்கப் போனேன். ஒரு காலை எடுத்திருந்தார்கள். அக்கா தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் அவர் தானாகவே பேசினார். “தம்பி செத்துட்டான்னு போலீஸ்காரங்க வந்து தூக்கும்போதுதான் எனக்குத் தெரியும். அதுவரைக்கும் பேசிக்கிட்டுத்தான் இருந்தான். போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனான். ரொம்ப நேரம் காணோம். வந்தப்ப சட்டையெல்லாம் ஈரம். அதப் பிழிஞ்சு என் வாயில விட்டான். அந்தத் தண்ணிதான் நான் குடிச்சது.” காய்ச்சலில் கண்ட கனவாக இருக்கும் என்றேன். “இருக்கும்,” என்றார் அவர். “ஆனா அங்க மூணு நாளா மழை இல்ல. போலீஸ்காரங்களும் சொன்னாங்க, சட்டை ஏன் நனைஞ்சிருக்குன்னு அவங்களே கேட்டுக்கிட்டாங்க.” நான் எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டேன். அவர் என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது.

நாடு சுதந்திரம் பெற்றது. எனக்குக் கல்யாணமாகிக் கோலாலம்பூர் போனேன். ஆபீஸ் போட்டியை அந்தத் திங்கட்கிழமையோடு விட்டிருந்தேன். இன்றுவரை எந்தத் தலைப்பையும் இரண்டாம் முறை படிப்பதில்லை. அண்ணே கட்டைக்காலோடு ஒரு பள்ளிக்கூடத்தில் காவல்காரராக இருந்து காலமானார். அக்காவின் மகன் செங் பக்கம் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, கிளேபாங்கில் வீடு வாங்கி அவளை அழைத்துக்கொண்டான். அங்கேதான் அவளை மறுபடி பார்த்தேன், முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து, நானே விதவையாகி ஊர் திரும்பிய பிறகு.

மதிய நேரம். மகன் வேலைக்குப் போயிருந்தான். அவள் சமைத்துக்கொண்டிருந்தாள். நான் பின்வாசலை அடைத்தாற்போல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன், கடற்காற்றுக்காக. முன்னுரை எதுவும் இல்லாமல், “அக்கா, அன்னிக்கு நான் அவனைப் பாத்தேன்,” என்றேன்.

அவள் கை நின்றது.

“நீலச் சட்டை. செருப்பு இல்ல. ஒங்க பின்வாசல்ல மழையில நின்னான். ஒங்ககிட்ட பேசிட்டு என்னைப் பாத்தான். இத்தன வருஷமா நான் சொல்லல.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரே வந்து, என் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டாள். “நீ பாத்தியா? கண்ணால பாத்தியா?” “நான் பாக்கல, தங்கச்சி. எனக்கு முதுகுதான் வாசல் பக்கம் இருந்துச்சு. குழம்பைக் கிண்டிக்கிட்டு இருந்தேன். குரல் மட்டுந்தான் கேட்டுச்சு. திரும்புறதுக்குள்ள யாருமில்ல. ஒன் ஆபீசுலயே ஒன்கிட்ட கேட்டேன். நீ வேற பக்கம் திரும்பிக்கிட்டே. ஒண்ணும் இல்லாததையா நான் கேட்டேன், எனக்குத்தான் புத்தி பிசகிப்போச்சான்னு இவ்வளவு காலம் எனக்குள்ளயே பயந்துக்கிட்டு இருந்தேன்.”

தூரத்தில் ஐஸ் வண்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

“அப்ப நெஜமாவே வந்திருக்கான்,” என்றாள். பிறகு முகம் மாறியது. “வியாழக்கிழமை காலையில ஒரு ரொட்டி தின்னுட்டுப் போன பிள்ளை. அடுப்புல அவனுக்குப் பிடிச்ச குழம்பு. வாசல்ல வந்து நிக்கிறான். சாப்பிட்டுப் போன்னு ஒரு வார்த்த நான் சொல்லலையே.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வாழையிலைத் துண்டைக் கழுவினாள். சோறு போட்டாள். மேலே குழம்பு ஊற்றினாள், மீனின் நடுத்துண்டாகப் பார்த்து வைத்தாள். ஒரு தம்ளர் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு பின்வாசலை நோக்கி வந்தாள்.

நான் எழுந்து, வழியை மறித்திருந்த நாற்காலியைத் தூக்கி ஓரமாகப் போட்டேன்.